1950-க்கு முன்னாடி கிராமத்து ஆளுக்கு ரெக்கார்டே கிடையாதா? (பாகூர் – கடலூர் எல்லை)

கிருமாம்பாக்கம் | ஜூன் 3, காலை

தாத்தாவோட அப்பாவைப் பத்தின பதிவு தேடுறேன். பாகூர் பக்கம் ஒரு கிராமம், 1895 வாக்குல பிறந்திருக்கணும். அவர் சம்சாரம் கடலூர் தாலுகா, ரெட்டிச்சாவடிக்கு அந்தாண்டை. இந்தப் பக்கம், புதுச்சேரியில, கேட்டா 1950-க்கு முன்னாடி ஒண்ணும் கிடையாதுங்கறாங்க. அந்தப் பக்கம் ஈ.சி. (வில்லங்கச் சான்று) போட்டா 1975-லேர்ந்துதான் வருது. ரெண்டு பக்கமும் பேரைக் குடுத்துத் தேடச் சொல்லியாச்சு. பயிர் வெச்சுப் பொழைச்ச குடும்பத்துக்குத் தாத்தாவுக்கு மேல காகிதமே கிடையாதுன்னு முடிவுக்கு வந்துட்டேன். தப்புன்னா, எங்க போய் என்ன கேக்கணும்னு சொல்லுங்க.

மஞ்சக்குப்பம் | ஜூன் 3, இரவு

தப்புதான் சார். பழைய பதிவேடு எதையும் பேர் வாரியா அடுக்கி வைக்கல. ஊர் வாரி, வருஷ வாரி. பேரை மட்டும் சொன்னா கவுண்டர்ல இருக்கறவர் கம்ப்யூட்டரைப் பார்ப்பார், "இல்லை"ம்பார். அவர் பொய் சொல்லல, கம்ப்யூட்டர்ல இல்லை, அவ்வளவுதான். ஊரையும் வருஷத்தையும் குடுங்க. இன்ன கிராமம், இன்ன வருஷத்திலிருந்து இன்ன வருஷம் வரை பதிவேட்டில் தேடி நகல் தரவும், கிடைக்காவிட்டால் இல்லை என்று எழுத்தில் தரவும் என்று மனு எழுதுங்க. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969, பிரிவு 17 இதுக்குத்தான் இருக்கு. தேடுதல் கட்டணம் கட்டினா தேடிப் பார்த்தே ஆகணும்.

நம்ம பக்கத்துக் கணக்கு இது. சென்னை மாகாணப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899-ல வந்தது. கிராமத்துல எழுதினவர் மணியக்காரர். 1980 நவம்பர்ல கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழிச்சாங்க, வி.ஏ.ஓ. வந்தார். பழைய கட்டெல்லாம் கைமாறினது அப்பத்தான். கிராமப் பிறப்பு இறப்புப் புத்தகத்தை வி.ஏ.ஓ. கிட்டயோ பஞ்சாயத்துலயோ தேடாதீங்க. தாலுகா ஆபீசுக்குப் போய், அங்கேர்ந்து சார்பதிவாளர் ஆபீஸ் காப்புக்குப் போயிருக்கும். நிறையப் பேர் பஞ்சாயத்துலயே நின்னுடறாங்க.

மஞ்சக்குப்பம் | ஜூன் 4, காலை

நேத்து ஒண்ணு விட்டுப்போச்சு, அதுதான் முக்கியம். கிராமப் பதிவேட்டுல குழந்தை பேரே இருக்காது. பிறந்த சில நாள்ல எழுதறது, பேர் வைக்கறது அப்புறம். "ஆண் குழந்தை", தகப்பன் பேர், ஊர், தேதி, சொன்னவர் பேர், இவ்வளவுதான். ஆகவே தேட வேண்டியது குழந்தை பேரை இல்லை, தகப்பன் பேரை.

முத்தியால்பேட்டை | ஜூன் 4, மாலை

புதுச்சேரிப் பக்கத்தை நான் எழுதுகிறேன். "1950-க்கு முன்னாடி கிடையாது" என்று சொன்னவர் தன் மேசையில் இருக்கும் புத்தகத்தைச் சொல்கிறார். பிரெஞ்சு ஆட்சியில் எழுதியது "எத்தா சிவில்", அதாவது குடிமைப் பதிவு. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் புத்தகம். 1776-ல் பிரெஞ்சு அரசாணை ஒன்று, குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளுக்கு ஒரு படி எழுதிப் பிரான்சுக்கு அனுப்ப வேண்டும் என்றது. ஆகவே இங்கே கறையான் தின்ற புத்தகத்துக்கும் அங்கே இன்னொரு படி இருக்கும். அது எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரில் கடல்கடந்த நாடுகளுக்கான ஆவணக் காப்பகத்தில், சுருக்கமாக "அனோம்". நூறு வருஷம் தாண்டியவற்றை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள், உள்நுழைவு எதுவும் தேவையில்லை. முதலில் நாடு, அப்புறம் ஊர், அப்புறம் வருஷம். பக்கத்தின் படம்தான் வரும், பெயரைத் தட்டித் தேட வழியில்லை. மஞ்சக்குப்பம் சொன்ன அதே விதிதான்.

பாகூர் 1895 என்றால் பாகூர் கொம்யூன் (பிரெஞ்சு உள்ளாட்சிப் பிரிவு) புத்தகம். 1880-ல் புதுச்சேரிப் பகுதிக்கு நான்கே கொம்யூன்: புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். 1907-ல் அது எட்டானது. முதலியார்பேட்டை, அரியாங்குப்பம், திருபுவனை, நெட்டப்பாக்கம் நான்கும் அப்போது சேர்ந்தவை. அண்ணன் ஒரு கொம்யூனிலும் தம்பி வேறு கொம்யூனிலும் பதிவாகியிருந்தால் குடும்பம் இடம் மாறியதாகச் சட்டென்று முடிவு கட்டாதீர்கள், எல்லைக்கோடு மாறியிருக்கலாம். பத்திரத்தில் ஊர்ப்பெயருக்கு முன் "அல்தே" என்று வரும். அது கிராமம், கொம்யூன் அதற்கு மேல்.

எத்தா சிவில் தொடங்கியதே 1880-ல்தான்.

கிருமாம்பாக்கம் | ஜூன் 5

ரெண்டு பேருக்கும் நன்றி. அனோம் பக்கத்தைத் திறந்தேன். கையெழுத்து, அதுவும் பிரெஞ்சு. எங்க ஆரம்பிக்கறது?

முத்தியால்பேட்டை | ஜூன் 5, இரவு

முதலில் என் திருத்தம். நேற்றைய கடைசி வரி அப்படியே நிற்காது. 1880 என்பது இந்துக்களும் முஸ்லிம்களும் உள்பட எல்லா உள்ளூர் மக்களையும் சிவில் பதிவுக்குள் கொண்டுவந்த ஆணையின் வருஷம். ஐரோப்பியர், உள்ளூர்க் கிறிஸ்தவர்களுக்குக் கோயில் ஞானஸ்நானப் புத்தகம் பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. அனோமில் அதுவும் சேர்ந்தே இருக்கிறது. கிறிஸ்தவக் குடும்பம் 1880-ல் நின்றுவிட வேண்டாம். நடுவில் 1793 முதல் 1816 வரை ஊர் ஆங்கிலேயர் கையில் இருந்தது. அந்த இருபத்து மூன்று வருஷத்தில் தொடர் அறுந்தால் கலங்க வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்வி. பிறப்பில் தொடங்காதீர்கள், இறப்பில் தொடங்குங்கள். 1895 பிறப்பு என்பது வீட்டில் சொன்ன உத்தேசம், ஐந்தாறு வருஷம் முன்பின் தள்ளும். இறந்த வருஷம் திதி கொடுக்கிற வீட்டுக்கு ஓரளவு தெரியும். இறப்புப் பதிவில் இறந்தவரின் வயது, தாய் தகப்பன் பெயர், மனைவி பெயர் எல்லாம் எழுதச் சொல்வது பிரெஞ்சு வழக்கம். ஒரே பக்கத்தில் மேலே ஒரு தலைமுறை கிடைத்துவிடும்.

புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை முதலில் பாருங்கள். அந்த வருஷத்துப் பெயர் அட்டவணை பெரும்பாலும் அங்கே இருக்கும். இந்துக் குடும்பங்களுக்குக் குலப்பெயர் என்று ஒன்று அன்று கிடையாது, ஆகவே ஆளின் சொந்தப் பெயரின் முதலெழுத்தில் வரிசை. அந்த முதலெழுத்து நாம் நினைக்கிற எழுத்தாக இருக்காது என்பதுதான் சிக்கல்.

முத்தியால்பேட்டை | ஜூன் 6, காலை

எழுத்துக் கணக்கு. பிரெஞ்சு எழுத்தர் தமிழைக் காதால் கேட்டு எழுதினார்.

உ, ஊ இரண்டுக்கும் ஓ-யூ என்று இரண்டெழுத்து. நடுவில் வரும் "ச"வுக்கு இரட்டை எஸ். "ழ"வுக்கு ஜே. "க" முதலில் வந்தால் பழைய புத்தகங்களில் சி, பின்னால் வந்தவற்றில் கே. "ன்" என்று முடிந்தால் கடைசியில் ஒலிக்காத ஈ ஒன்று ஒட்டும். முருகேசன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள்: எம், ஓ, யூ, ஆர், ஓ, யூ, ஜி, யூ, ஈ, எஸ், எஸ், ஏ, என், ஈ. ஆங்கிலத்தில் எட்டு ஒன்பது எழுத்தில் முடிகிற பெயருக்குப் பதினாலு. கந்தசாமியைக் கே-யில் தேடிவிட்டு இல்லை என்று மூடுகிறவர்கள் நிறைய, அவர் சி-யில் இருப்பார். குழந்தை என்ற பெயரில் ழவுக்கு ஜே நிற்கும். வாய்விட்டுப் பிரெஞ்சு ஒலியில் படித்தால் தமிழ் கேட்கும், ஆங்கிலமாகப் படித்தால் கேட்காது.

மஞ்சக்குப்பம் | ஜூன் 6

இந்த ஜே விஷயம் பத்திரத்துலயும் தொல்லை. ஒரே குடும்பத்துல அண்ணன் பாண்டிச்சேரியில எழுதின பேரும் தம்பி கடலூர்ல எழுதின பேரும் வேற ஆள் மாதிரி தெரியும். ஒரு தாள்ல இடது பக்கம் தமிழ்ப் பேரும், அதுக்கு நேரா நீங்க பார்த்த எல்லா எழுத்து வகையும் குறிச்சு வெச்சுக்கோங்க. வாரிசு சான்றுக்குப் போகும்போது இந்தத் தாளே பாதி வேலையை முடிக்கும்.

கிருமாம்பாக்கம் | ஜூன் 9

பாகூர் 1896 பிறப்புப் புத்தகத்துல அதே தகப்பன் பேர்ல ஒரு ஆண் குழந்தை இருக்கு. ஆனா குழந்தை பேர் வேற. மேலே ஒரு தேதி, உள்ளே "இயேர்"னு ஒரு வார்த்தை. இவர்தானா?

முத்தியால்பேட்டை | ஜூன் 9, இரவு

மேலே எழுத்தில் நீட்டி எழுதியிருப்பது பதிவு செய்த நாள். பிறந்த நாள் உள்ளே வரும். "இயேர்" என்றால் நேற்று, "அவாந்த்தியேர்" என்றால் முந்தாநாள். தலைப்புத் தேதியைப் பிறந்த தேதியாக எடுத்துப் பாஸ்போர்ட்டு வரை கொண்டுபோய் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. இன்னொன்று, வருஷம் எண்ணில் இருக்காது, சொல்லில் இருக்கும். தொண்ணூற்றாறு என்பதைப் பிரெஞ்சில் "நாலு இருபது பதினாறு" என்பார்கள். நாலு இருபதோடு கண்ணை எடுத்துவிட்டால் 1880 என்று படித்துவிடுவீர்கள். எழுபத்தைந்து "அறுபது பதினைந்து", அங்கேயும் அதே வழுக்கல்.

இவர்தானா என்பதை ஒரு பக்கத்தை வைத்துச் சொல்லக்கூடாது. தாய் பெயரைப் பாருங்கள். அதே தகப்பன் தாய் ஜோடியை முன்னால் ஐந்து, பின்னால் பத்து வருஷம் எல்லாப் பிறப்பிலும் தேடி எழுதுங்கள். ஐந்தாறு பிள்ளைகள் வரிசையாக வந்து நிற்பார்கள். அதில் உங்கள் தாத்தாவின் அப்பா எங்கே பொருந்துகிறார் என்று அப்புறம் பார்க்கலாம். சாட்சி இருவரின் பெயர், வயது, தொழில், ஊர் ஆகியவற்றையும் விடாதீர்கள். சாட்சியாக வருகிறவர் பல சமயம் சித்தப்பா, மாமன். "குல்திவாத்தேர்" பயிரிடுகிறவர், "ஜூர்னாலியே" கூலி வேலை, "திஸ்ரான்" நெசவாளர்.

மஞ்சக்குப்பம் | ஜூன் 10

நம்ம ஊர்ப் பேர் வழக்கத்தையும் மனசுல வைங்க. தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கறோம், பேரன்ங்கற சொல்லே அதுலேர்ந்து வந்ததுதான். ஆகவே "முருகேசன் மகன் கந்தசாமி" அறுபது எழுபது வருஷம் கழிச்சுத் திரும்ப வருவார், வேற ஆளா. பங்காளி வீடுகள்லயும் அதே தாத்தா பேரை மூணு நாலு பேரன் சுமப்பாங்க, ஒரே தெருவுல. தகப்பன் பேர் ஒத்துப்போனதை வெச்சு முடிவு பண்ணினா பங்காளி வீட்டு மரத்துல ஏறிடுவீங்க. தாய் பேர் ஒண்ணுதான் பிரிச்சுக் காட்டும்.

இதே வழக்கம் உதவியும் பண்ணும். மூத்த பையன் பேர் தெரிஞ்சா அவன் தாத்தா பேர் என்னவா இருக்கலாம்னு ஊகிக்கலாம். ஊகம் தேடறதுக்கு மட்டும். எழுதி வைக்கறதுக்கு இல்லை.

கிருமாம்பாக்கம் | ஜூன் 14

1896-லேர்ந்து 1908 வரைக்கும் அதே ஜோடிக்கு நாலு பிறப்பு கிடைச்சுது. நாலுமே தாத்தாவோட அப்பாவின் தம்பி தங்கைகள் பேர். அவர் மட்டும் இல்லை. முதல்ல பார்த்ததும் தம்பிதான். அவர்தான் மூத்தவர்னு வீட்டுல சொல்வாங்க.

முத்தியால்பேட்டை | ஜூன் 14

மூத்தவர் என்றால் விடை அங்கேயே இருக்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். பிறப்பு பதிவாவது பிறந்த ஊரில். தகப்பன் ஊர்ப் புத்தகத்தில் தம்பிகள் எல்லோரும் இருந்து மூத்தவர் மட்டும் காணவில்லை என்றால் தாயின் ஊரைத் தேடுங்கள். இந்த எல்லைப் பகுதிக்கு இதுதான் தலையாய விதி. பிரெஞ்சு ஊரும் ஆங்கிலேய ஊரும் அடுத்தடுத்த வயலாகப் பின்னிக் கிடந்த இடம், பெண் கொடுப்பதும் எடுப்பதும் கோட்டைப் பார்த்து நடக்கவில்லை. தாய் ஊர் கடலூர்ப் பக்கம் என்றால் பதிவு சென்னை மாகாணத்தில், பாகூர் என்றால் எத்தா சிவிலில்.

தாயின் ஊர் எது என்று தெரிய, பெற்றோரின் திருமணப் பதிவைத் தேடுங்கள், மூத்தவர் பிறப்புக்கு ஒன்றிலிருந்து நான்கு வருஷம் முன்னால். எத்தா சிவிலில் செறிவான பக்கம் திருமணப் பக்கம்தான்: இருவர் வயது, பிறந்த ஊர், நான்கு பெற்றோர் பெயர். ஒரு பெயருக்கு முன் "ஃப்யூ" என்று சின்னதாக இருந்தால் அவர் அன்றைக்கே காலமாகிவிட்டார் என்று பொருள். அந்த ஒரு சொல் இறப்புத் தேடலை இருபது வருஷம் குறைத்துவிடும். பெண் பெயர் கடைசிவரை பிறந்த வீட்டுப் பெயராகவே எழுதப்படும், இறப்புப் பக்கத்திலும்.

சேன்-தெனி, ரீயூனியன் | ஜூன் 17

இழையில் குறுக்கிடுகிறேன். எங்கள் முன்னோர் காகிதத்தில் ஊர் "பொந்திஷேரி" என்று இருக்கிறது. அப்படியானால் பாகூர், வில்லியனூர் புத்தகங்களில் தேடலாமா?

முத்தியால்பேட்டை | ஜூன் 17, இரவு

முதலில் அது கப்பல் ஏறிய துறைமுகமா, பிறந்த ஊரா என்று பாருங்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் தென் ஆற்காடு, தஞ்சாவூர் ஆங்கிலேயக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் ஏராளம். பொந்திஷேரி அவர்கள் நிலத்தை விட்ட இடம். கரீபியனில் உள்ள பிரெஞ்சுத் தீவான மர்த்தினீக்குக் கூலிகளோடு போன முதல் கப்பல் ஒரேலி. 1853 மே மாதம் போய்ச் சேர்ந்தது, புறப்பட்டது இங்கிருந்து. அதில் ஏறியவர்கள் எல்லாம் புதுச்சேரிக்காரர்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

தேட வேண்டியது மத்ரிக்யூல் எண். ஆளுக்கு ஒரு எண் கொடுத்தார்கள், பெயர் நான்கு விதமாகத் திரிந்தாலும் எண் திரியாது. ரீயூனியனின் மாகாண ஆவணக் காப்பகத்தில் அதைப் பிடித்தால் கப்பல், வருஷம், தகப்பன் பெயர் என்று பின்னோக்கி வரலாம். மொரிஷியஸ் போனவர்களுக்கு மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடிவரவுப் பதிவேடுகள் இருக்கின்றன, பலருக்குப் புகைப்படத்தோடு. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் போனவர்களின் கப்பல் பட்டியலில் ஜில்லா, தாலுகா, கிராமம் என்று தனித்தனி கட்டமே உண்டு. முதல் கப்பல் ட்ரூரோ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16-ல் டர்பன் சேர்ந்தது. கிராமக் கட்டத்தை ஆங்கில எழுத்தர் எழுதியது, இதையும் காதால் படியுங்கள்.

மஞ்சக்குப்பம் | ஜூன் 18

கிராமப் பேர் கிடைச்சா அது இப்ப எந்த மாவட்டம்னு மட்டும் பார்த்து ஓடாதீங்க. பழைய தென் ஆற்காடு 1993-ல கடலூர், விழுப்புரம்னு பிரிஞ்சுது, 2019-ல விழுப்புரத்துலேர்ந்து கள்ளக்குறிச்சி பிரிஞ்சுது. ஜில்லாத் தலைநகர் கடலூர்தான், கலெக்டர் ஆபீசும் ஜில்லாக் கோர்ட்டும் இங்கதான். திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து ஊருக்கும் பழைய காகிதம் மஞ்சக்குப்பத்துலயோ, எழும்பூர் ஆவணக் காப்பகத்துலயோ இருக்க வாய்ப்பு உண்டு.

கிருமாம்பாக்கம் | ஜூன் 23

1893 திருமணப் பக்கம் கிடைச்சுது. பெண் ஊர் கடலூர் தாலுகாவாம், "ஆங்கிலேயப் பிரதேசம்"னு எழுதியிருக்கு. மாப்பிள்ளையின் தகப்பனுக்கு முன்னாடி ஃப்யூ இருக்கு. ஆக மேல ரெண்டு தலைமுறை வந்துடுச்சு. தாய் ஊர்ல 1895 பிறப்பு கிடைக்குமா?

மஞ்சக்குப்பம் | ஜூன் 23, இரவு

1899 சட்டத்துக்கு முந்தின வருஷம், ஆகவே அதை நம்பி உக்காராதீங்க. தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபாய்க்கு ஒரு மனு போடுங்க. இவர் பிறப்புச் சான்று குடுங்கன்னு கேக்காதீங்க. "இந்தக் கிராமத்துக்குப் பிறப்புப் பதிவேடு எந்த வருஷத்திலிருந்து தங்கள் அலுவலகக் காப்பில் உள்ளது, இடையில் இல்லாத வருஷங்கள் எவை" இது மட்டும். முப்பது நாள்ல பதில் வரணும். அந்தத் தாள் கையில இருந்தா அப்புறம் வெட்டி அலைச்சல் கிடையாது.

பிறப்பு வரலைன்னா பத்திரத்துக்கு வாங்க. ஈ.சி. 1975-லேர்ந்துதான்னு சொன்னீங்களே, அது கம்ப்யூட்டர்ல ஏத்தின காலம். அதுக்கு முந்தினதுக்கு மேனுவல் ஈ.சி.ன்னு தனியா மனு போடணும். சர்வே நெம்பரும் கிராமமும் வேணும். அன்னைக்கு அந்தக் கிராமம் எந்த சார்பதிவகத்துல இருந்துதுன்னும் கேளுங்க, புது ஆபீஸ் திறக்கும்போது கிராமங்கள் மாறும், பழைய வால்யூம் தாய் ஆபீஸ்லயே தங்கிடும். பதிவு நடந்திருந்தா படிவம் 15, எதுவும் இல்லைன்னா படிவம் 16 வரும். 16 வந்தா சர்வே நெம்பர் தப்பான்னு முதல்ல பாருங்க. 1980-கள்ல யூ.டி.ஆர்.ங்கற நிலப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டத்துல பட்டா எல்லாம் புதுப்பிச்சப்ப நிறைய உட்பிரிவு மாறிடுச்சு. கிராமத்து நிலக் கணக்கான அ பதிவேட்டுல பழைய நெம்பரும் புது நெம்பரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்துல இருக்கும், அங்கே பிடிச்சுக்கலாம்.

மஞ்சக்குப்பம் | ஜூன் 24

தேட வேண்டியது கிரயப் பத்திரம் இல்லை, பாகப்பிரிவினை. கிரயத்துல வித்தவர், வாங்கினவர், தகப்பன் பேர் அத்தோட சரி. பாகப்பிரிவினைல குடும்பமே வந்து நிக்கும்: யார் யாருக்கு மகன், யார் காலமானார், விதவைக்கு ஜீவனாம்சம் என்ன, எந்தச் சொத்து பிதுரார்ஜிதம் (முன்னோர் வழி வந்தது), எது சுயார்ஜிதம் (தானே சம்பாதிச்சது). அதுக்குள்ள இந்த மாதிரி ஒரு வரி வரும்: "மேற்படி சொத்தை நமது பாட்டனார் 1 புத்தகம், இன்ன வால்யூம், இன்ன பக்கங்களில் இன்ன வருஷத்து இன்ன நெம்பராகப் பதிவான கிரய சாசனப்படி அடைந்து". அந்த நெம்பர்தான் அடுத்த படி. அதோட நகலை எடுங்க, அதுக்குள்ள அதுக்கு முந்தினது இருக்கும். வருஷமும் நெம்பரும் சேர்ந்தாத்தான் பத்திரம், நெம்பர் வருஷா வருஷம் ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கும்.

1 புத்தகமும் அதோட அட்டவணையும் யார் வேணா பார்க்கலாம். உயில் இருக்கற 3 புத்தகம் அப்படி இல்லை, எழுதினவர் காலமாயிட்டார்னு இறப்புச் சான்றைக் காட்டணும்.

கோர்ட் டிக்ரியும் அப்படித்தான். பங்கு கேட்டுப் போட்ட வழக்குன்னா பிராதோட வம்சாவளி அட்டவணை ஒட்டியிருக்கும். மத்த கட்டைக் கழிச்சிருந்தாலும் தீர்ப்பும் டிக்ரியும் பெரும்பாலும் தப்பிச்சிருக்கும்.

முத்தியால்பேட்டை | ஜூன் 25

புதுச்சேரிப் பக்கம் 1960-களின் கடைசிவரை சார்பதிவாளர் இடத்தில் நொத்தேர் (பிரெஞ்சு முறை நோட்டரி) இருந்தார், பத்திரம் அவர் முன்னால்தான். தமிழில் எழுதியதற்குத் தபெலியோன் என்று தனி ஆள். சொத்து விவரத்தில் ஆர்.எஸ். (மறு அளவை) எண்ணோடு கதாஸ்தர் எண் (பிரெஞ்சு நில அளவை எண்), சிலதில் பைமாஷ் எண்ணும் (பழைய அளவை எண்) இருக்கும். இன்றைய "நிலமகள்" தளத்தில் ஆர்.எஸ். எண்ணைப் போட்டால் மட்டும்தான் வரும், ஆகவே மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அளவு இரண்டு விதமாக எழுதியிருப்பது சரிபார்க்க நல்ல வசதி. ஒரு குழி 576 சதுர அடி, நூறு குழி ஒரு காணி, அது கடலூர்க் கணக்கில் 132 சென்ட். பக்கத்தில் ஹெக்டேர்-ஆர்-சாந்தியாரில் 53 ஆர் (ஒரு ஆர் நூறு சதுர மீட்டர்) சொச்சம் என்று இருந்தால் ஒரே நிலம்தான். ஒத்துவராவிட்டால் யாரோ நகல் எழுதும்போது பிசகியிருக்கிறது.

கிருமாம்பாக்கம் | ஜூலை 2

வீட்டுப் பரண்ல ஒரு பழைய பத்திரம் கிடைச்சுது. "சௌமிய வருஷம் ஆவணி ௴ ௰௮ ௳"ன்னு இருக்கு. 1909-ஆ 1849-ஆ? அந்த அ எதுக்கு?

மஞ்சக்குப்பம் | ஜூலை 2, இரவு

அது அ இல்லை, எட்டு. ௰ பத்து, ௮ எட்டு, ஆக 18-ம் தேதி. ௴ மாசம், ௳ நாள், ௵ வருஷம், ௸ மேற்படி. ௧, ௨, ௭, ௮ நாலும் க, உ, எ, அ மாதிரியே தெரியும். நிலத்தோட அளவுல இதைத் தப்பாப் படிச்சா கணக்கே கவிழும்.

சௌமிய 1849, 1909, 1969 மூணுலயும் வரும். ரெண்டு இடம் பாருங்க. முத்திரைத் தாள்ல யார் தலை இருக்கு? விக்டோரியாவா, எட்வர்டா, ஜார்ஜா? எட்வர்டுன்னா 1909 தவிர வேற கிடையாது. அப்புறம் பசலி, அதாவது வருவாய்க் கணக்கு வருஷம். பசலியோட 590 கூட்டினா ஜூலைல ஆரம்பிக்கற ஆங்கில வருஷம். பசலி 1319-ன்னு இருந்தா 1909 ஜூலையிலேர்ந்து 1910 ஜூன். தாளோட முதுகுப் பக்கத்தையும் திருப்புங்க. முத்திரைத் தாள் வித்தவர் யாருக்கு, எந்த ஊர், எந்தத் தேதின்னு எழுதி வெச்சிருப்பார். முன் பக்கம் பூச்சி தின்னிருந்தாலும் அது தப்பிச்சிருக்கும்.

லேமினேட் பண்ணிடாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். சூடு பட்டா பழைய மை ஓடும், பிரிக்கவும் முடியாது. ஜன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சத்துல போட்டோ எடுங்க, அழிஞ்ச எழுத்து மேடு பள்ளமாத் தெரியும். 2011 டிசம்பர் தானே புயல் மாதிரி இன்னொண்ணு வந்தா பரண்தான் முதல்ல நனையும்.

எட்வர்டுதான் என்றால் பத்திரத்துல இருக்கற சாட்சிப் பேரை 1893 கல்யாணச் சாட்சியோட ஒப்பிட்டுப் பாருங்க.

பரங்கிப்பேட்டை | ஜூலை 5

முஸ்லிம் குடும்பங்கள் ஜமாத்தில் நிக்காஹ் தப்தர் பாருங்க. வலீ (பெண் சார்பில் நிக்காஹை நடத்திக் கொடுக்கறவர்) பேரும் மஹர் தொகையும் சேர்ந்தே இருக்கும். வலீ யார்னு தெரிஞ்சா பெண் வீட்டு உறவு தெரிஞ்சுடும்.

முத்தியால்பேட்டை | ஜூலை 8

பலர் கேட்கும் கேள்விக்கு இங்கேயே எழுதிவிடுகிறேன். ரெனோன்சான் குடும்பங்கள்: 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி இந்து, முஸ்லிம் தனிச் சட்டத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்கு மாறியவர்கள், அப்போது ஒரு குடும்பப் பெயரும் தேர்ந்துகொண்டார்கள். ஒருவர் எழுதிக் கொடுத்தால் மனைவிக்கும் வயது வராத பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். வயது வந்த அண்ணன் தம்பி தனித்தனியாக எழுதிக் கொடுத்தபோது வேறு வேறு குடும்பப் பெயர் எடுத்ததுண்டு. குடும்பப் பெயர் ஒத்துவரவில்லை என்று பங்காளியைத் தள்ளிவிடாதீர்கள். அதே பெயர் வைத்திருக்கிறார் என்பதால் சேர்த்துக்கொள்ளவும் வேண்டாம்.

பிறப்புப் பக்கத்தின் ஓரத்தைப் படியுங்கள். பிரெஞ்சுச் சட்டத்தில் 1897 முதல் திருமணத்தையும் 1945 முதல் இறப்பையும் பிறப்புப் பக்க ஓரத்தில் குறிக்க வேண்டும். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமின் சைகோன் போனவர்களுக்கு அந்த ஓரக் குறிப்பே வழிகாட்டி. பிரெஞ்சுக் குடிமக்களின் சமீபகாலப் பக்கங்களுக்கு நாந்த் நகர மத்தியப் பதிவகம். பிறப்பும் திருமணமும் 75 வருஷம் கடந்தால்தான் எல்லோருக்கும்.

குடியுரிமைக்காகத் தேடுகிறவர்களிடம் நேராகவே சொல்கிறேன். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவிடம் வந்த 1962 ஆகஸ்ட் 16-க்குப் பின் ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவரா என்பதே முதல் கேள்வி. அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே இருந்து பிரெஞ்சுக் குடிமக்களாக நடத்தப்படாத குடும்பத்துக்குச் சிவில் கோடு 30-3 குறுக்கே நிற்கும். 1896 பிறப்புப் பக்கம் அதைத் திறக்காது. கையில் காசு வாங்கிக்கொண்டு திறக்கும் என்பவர்களை நம்பாதீர்கள்.

கிருமாம்பாக்கம் | ஜூலை 27

தகவல் உரிமைப் பதில் வந்துடுச்சு. தாய் ஊருக்குப் பதிவேடு 1911-லேர்ந்துதான் காப்புல இருக்காம். ஆக 1895 கிடையாது. முத்திரைத் தாள்ல எட்வர்டு தலை, ஆக 1909. பத்திரத்துச் சாட்சிகள்ல ஒருத்தர் 1893 கல்யாணச் சாட்சியும். இனி என்ன?

மஞ்சக்குப்பம் | ஜூலை 27, இரவு

அந்தப் பதிலையே பத்திரமா வைங்க, எழுத்துல இல்லைன்னு வந்தது பின்னால எங்க கேட்டாலும் காட்டலாம். அவர் பிறப்பை விட்டுடுங்க, அவர் தலைப்பிள்ளை பிறப்பைப் பிடிங்க. சம்சாரம் ரெட்டிச்சாவடிப் பக்கம்னீங்க, அப்ப தலைப்பிரசவம் அங்கதான், 1915-லேர்ந்து 1922-க்குள்ள. அந்த ஊருக்குப் பதிவேடு இருக்கான்னு கேட்டுட்டு மனுவுல குழந்தை பேர் எழுதாதீங்க. "தகப்பன் பெயர் இன்னார், பாகூர், பிரெஞ்சுப் பிரதேசம்" என்று எழுதுங்க. வெளியூர்த் தகப்பன்னா ஊர்ப் பேரையும் சேர்த்து எழுதியிருப்பாங்க, அதை வெச்சுத்தான் கண்ணு நிக்கும். 1918 கடைசி மாசங்களோட இறப்புப் பக்கத்தையும் சேர்த்துக் கேளுங்க. இன்ஃப்ளூயன்சாவுல போன குழந்தைகளைப் பத்தி வீட்டுல யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

முத்தியால்பேட்டை | ஜூலை 28

நானும் ஒன்று. 1893 பக்கத்தில் மாப்பிள்ளையின் தகப்பன் ஃப்யூ என்றால் அவர் இறப்பு 1880-க்கும் 1893-க்கும் நடுவில் பாகூர்ப் புத்தகத்தில் இருக்க வாய்ப்புண்டு. பதினாலே அட்டவணை. பெயரைச் சி-யிலும் கே-யிலும் பாருங்கள். கிடைத்தால் அந்தப் பக்கத்தில் அவருடைய தாய் தகப்பன் பெயர் இருக்கும்.